ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றுங்கள்: கோச்சுக்கும் கிளப் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோச் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கமுங்க. மூன்று ஆட்டக் கூடைப்பந்து இறுதித் தொடரில் நம் அணி முதலாவதை ஜெயித்துவிட்டு அடுத்த இரண்டையும் விட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. தோற்றதற்காக எழுதவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் எப்படி அடி வாங்கினோமோ, அப்படியே மூன்றாவதிலும் வாங்கினோமே, அதற்காகத்தான்.

எதிரணி செய்தது ஒன்றே ஒன்று. ரிங்குக்குக் கீழே நிற்கும் நம் உயரமான ஆளை, அதாவது சென்டரை, அங்கிருந்து வெளியே இழுத்து, ஒரு ஸ்க்ரீன் வைப்பார்கள், அதாவது உடம்பால் வழியை மறிப்பார்கள். பந்தைக் கொண்டுவரும் அவர்களுடைய கார்டு, நம் சென்டரைத் தாண்டி நேராக ரிங்குக்குப் போவார். நம் ஆளோ முழங்காலில் பட்டை, கணக்கில் நாலு ஃபவுல், கையை நீட்டவே பயந்து நின்றார். கேலரியில் என் பக்கத்திலிருந்த பெரியவர், "ஏனுங்க, அந்த அவிநாசிப் பையன எறக்கிப் பார்த்தா என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை முடித்து, பஸ் பிடித்துக் கோவைக்குப் பயிற்சிக்கு வருகிறவன் அவன். கால் வேகத்தில் நம் அணியில் அவனை மிஞ்ச ஆளில்லை. தொடர் முழுக்க ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. டைம் அவுட்டில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான். அந்த டைம் அவுட்டாவது நேரத்துக்கு வந்ததா? இரண்டாம் பாதிக்கு மூன்று உண்டு. முதலாவதை நீங்கள் கேட்டபோது பதினாறு புள்ளி பின்னால் இருந்தோம்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2015 இறுதித் தொடர் உங்களுக்கும் நினைவிருக்கும். கோல்டன் ஸ்டேட் அணி 1-2 எனப் பின்தங்கியிருந்தது. நான்காவது ஆட்டத்தில் கோச் ஸ்டீவ் கெர், ஏழு அடி உயர சென்டர் போகட்டை உட்கார வைத்துவிட்டு, அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஐவரில் இறங்காத இகுவோடாலாவை இறக்கினார். தொடர்ந்து மூன்று வெற்றி, கோப்பை. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இகுவோடாலாவுக்கே. அந்த யோசனையைக் கொடுத்தவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். முந்தைய ஆண்டு சான் அன்டோனியோ அணி ஆடிய இறுதித் தொடரின் வீடியோவைப் பார்த்துச் சொன்னார். கெர் காது கொடுத்துக் கேட்டார்.

நம்மிடம் வீடியோ எடுக்க ஆளில்லை, உதவி கோச் இல்லை. சால்வைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் மட்டும் எப்படிப் பணம் வருகிறது? இத்தனை மில்லும் பம்ப் கம்பெனியும் உள்ள ஊரில் ஒரு உதவி கோச்சுக்குச் சம்பளம் கொடுக்க முடியாதா? சரி, அதை நிர்வாகிகள் முடிவு செய்யட்டும்.

கோச் அவர்களே, உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: ஒரு ஆட்டம் முடிந்ததும் அணியோடு உட்காருங்கள், எங்கே அடி விழுந்தது என்று பாருங்கள், அடுத்த ஆட்டத்துக்கு ஆளை மாற்றுங்கள். அடுத்த சீசன் முதல் தொடரிலேயே இதைச் செய்ய வேண்டும். அந்த அவிநாசிப் பையனுக்கும் ஆட்டத்தில் ஒரு கால் பகுதியாவது ஆட வாய்ப்பு கொடுத்துப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கேலரியிலிருந்து ஒரு ரசிகன்