கல்வெட்டை எந்த எழுத்தில அடிக்கிறது?

பலெர்மோ, சிசிலி (இத்தாலி)
10 செப்டெம்பர்

அன்புள்ள மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. உன்ர அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வரேலாமல் போனதை நினைச்சால் இப்பவும் தொண்டை அடைக்குது. எங்கள் ரெண்டு பேரையும் முற்றத்தில இருத்தி, பிலாவிலையில கூழ் வார்த்த மனுசி.

அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கவேணும், தமிழில அடிச்சால் கனடாவிலயும் பிரான்சிலயும் இருக்கிற பேரப்பிள்ளைகள் ஒரு வரியும் வாசிக்காதுகள், இங்கிலீசில அடிச்சால் சனம் சிரிக்கும் எண்டு எழுதியிருக்கிறாய். கடைசியில, "முப்பது வருசமாய் இருக்கிறாய், உந்த ஊரில என்னதான் கிடக்கு" எண்டு ஒரு குத்து. ரெண்டுக்கும் ஒரே மறுமொழிதான், கேள்.

நான் துடைக்கப் போற வீடுகளில ஒண்டு சீசா மாளிகைக்குப் பக்கத்தில. பெயரைக் கேட்டுச் சிரியாதை, போத்தல் இல்லை. "அல் அசீசா" எண்ட அரபுச் சொல் இத்தாலிக்காரரின்ர வாயில தேஞ்சு இப்பிடி ஆனது. 12ஆம் நூற்றாண்டில, வடக்குப் பிரான்சுப் பக்கத்தால வந்த நோர்மன்காரரின்ர அரசர்கள் கோடை காலத்துக்கெண்டு அரபுப் பாணியில கட்டினது. கீழ் மண்டபத்துச் சுவரால தண்ணி இறங்கி, தரை வாய்க்காலால ஓடி, வெளியில குளத்தில விழுற மாதிரி வைச்சிருந்தவை. அதுக்கு முன்னால எத்தினை வருசம் பஸ்சுக்கு நிண்டிருப்பன்! உள்ளுக்குப் போனது போன மாதம்தான், அதுவும் மகள் இழுத்துக்கொண்டு போனதால.

அங்க ஒரு பளிங்குக் கல்லுக்கு முன்னால கால் நிண்டிட்டுது. பெரிய கல் இல்லை. அன்னா எண்ட தாய் 1148இல செத்துப்போனா. மகன் கிரிசாந்துஸ், நோர்மன் அரசன் ரெண்டாம் ரொஜரிட்ட இருந்த பாதிரியார். முதலில பேராலயத்தில அடக்கம் செய்த தாயை, அடுத்த வருசம் தான் கட்டின சின்னக் கோயிலுக்கு மாத்தி இந்தக் கல்லை வைச்சிருக்கிறார். நடுவில சிலுவை. இடப்பக்கம் இலத்தீன், வலப்பக்கம் கிரேக்கம், கீழ அரபு, மேல எபிரேய எழுத்து. ஆண்டுக்கணக்கும் ஒவ்வொண்டுக்கும் வேற: இலத்தீனில 1148, அரபில ஹிஜ்ரி 543. ஆனால் மச்சான், மேல இருக்கிறது எழுத்துத்தான் எபிரேயம், மொழி அரபு. அப்ப இந்த ஊர் யூதர் வீட்டில கதைச்சது அரபு, படிச்ச எழுத்து எபிரேயம். அதுகளுக்கும் விளங்கட்டும் எண்டு ஒரு கிறிஸ்தவ மகன் வெட்டுவிச்சிருக்கிறார்.

நீ சரித்திர வாத்தியார், ஏன் எண்டு கேட்பாய். அரபுக்காரர் 831இல பிடிச்ச ஊரை நோர்மன்காரர் 1072இல பிடிச்சினம். பிடிச்சவை, வேலை தெரிஞ்ச ஆக்களைக் கலைக்கேல்லை. 1130 நத்தார் அண்டைக்கு முடி சூடின ரொஜரின்ர அரண்மனைக் கோயிலைப் பார்க்கவேணும். சுவரெல்லாம் பொன் துணுக்குப் பதிச்ச யேசுவும் கிரேக்க எழுத்தும். நிமிர்ந்தால் தேன்கூடு மாதிரிக் குடைஞ்ச அரபு மரக்கூரை, அதில சதுரங்கம் விளையாடுறவையின்ர ஓவியம்கூட இருக்கு! பேராலயத்தின்ர தெற்கு வாசல் தூண் ஒண்டில குர்ஆன் வசனம் வெட்டியிருக்கு. எத்தினை தரம் அந்தத் தூணில சாஞ்சு நிண்டிருப்பனோ.

சொர்க்கம் எண்டு நினையாதை. 13ஆம் நூற்றாண்டில அரசன் பிரெடெரிக் முஸ்லிம்களைப் பிடுங்கிக் கடலுக்கு அங்கால, இத்தாலிப் பெருநிலத்தில இருக்கிற லுசேராவுக்கு ஏத்தினான். அவனையும் அந்தப் பேராலயத்திலதான் சிவப்புக் கல்லுப் பெட்டிக்குள்ள கிடத்தியிருக்கு. 1492இல யூதரையும் போகச் சொல்லிச் சட்டம் வந்தது. இடம்பெயர்வு உனக்கும் எனக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

போன கிழமை, 4ஆம் திகதி, சாந்தா ரொசலியாவின்ர மலை ஏறினன். 1624இல கொள்ளைநோய் வந்த நேரம் அந்தப் புனிதையின்ர எலும்பை மலைக்குகையில கண்டெடுத்து, ஊர்வலமாய்க் கொண்டுவந்த பிறகு நோய் நிண்டது எண்டு ஊர் நம்புது. எங்கட ஆக்கள் கிறிஸ்தவமும் சைவமும் எண்டு பாராமல் நேர்த்தி வைச்சு ஏறுறவை. குகைக் கூரையால சொட்டுற தண்ணியைத் தகரப் பீலி வைச்சு ஏந்தியிருக்கினம். அம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். இறங்கி வந்து பல்லாரோ சந்தையில பனெல்லே சாப்பிட்டன். கடலை மாவைக் களியாய்க் கிண்டி, ஆறவிட்டு, வெட்டிப் பொரிச்சுப் பாணுக்குள்ள வைச்சுத் தருவினம். அம்மாவிட்டக் குடுத்திருந்தால் "உதுக்குச் செத்தல் மிளகாய் போடாமல் ஆர் பொரிச்சது" எண்டிருப்பா.

அதால நான் சொல்லுறது: தேவாரமும் வரலாறும் தமிழிலயே அடி. பின்பக்கத்தில பேரப்பிள்ளைகளுக்கெண்டு ஒரு பக்கம், தமிழை இங்கிலீஷ் எழுத்தில போடு. அதுகளுக்குக் கேட்டால் விளங்கும், வாசிக்கத்தான் தெரியாது. சிரிக்கிற சனத்துக்கு அன்னாவின்ர கல்லைக் காட்டு, மகள் எடுத்த படத்தை வைபரில அனுப்பியிருக்கிறன்.

ஆண்டு மட்டும் கவனம். அம்மா பிறந்தது 1938 எண்டு நீ எழுதியிருக்கிறாய், பெரியக்கா 1936 எண்டுதான் சொல்லுவா. அச்சுக்குக் குடுக்க முதல் அவவிட்ட ஒருக்கால் கேள். எனக்கு ரெண்டு பிரதி எடுத்து வை.

உன்ர
பழைய கூட்டாளி