உங்க ஆபீஸ் பையன் வந்துட்டுப் போனான்

மாப்ள,

எட்டு மாசமா ஒரு போன் கூட இல்லன்னு நீ திட்டுறதுக்கு முன்னாடி நானே ஒத்துக்குறேன், தப்புதான். அம்மாவுக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, சின்னவன் பத்தாவது பாஸ், தட்டுவடைக்கு அதே கடை அதே கடன். போதுமா?

விஷயம் என்னன்னா, போன வியாழக்கிழமை உங்க புள்ளிவிவர டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தன் டேப்லெட்டத் தூக்கிட்டு எங்க துப்புரவு காண்ட்ராக்ட் ஆபீஸுக்கு வந்துட்டான். கம்பெனியா பதிவாகாத சின்னத் தொழிலுக்கெல்லாம் வருஷா வருஷம் எடுப்பீங்களே, அந்த சர்வே. பாவம், அஞ்சு ரோட்டுல இருந்து வெயில்ல நடந்தே வந்திருக்கான், மோர் வாங்கிக் குடுத்தேன். ஓனர் வழக்கம்போல ஏற்காடு, அதனால நான் மாட்டுனேன். மாச பில் எவ்வளவு, பினாயில் துடைப்பம் யூனிபார்ம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவுன்னு வரிசையா கேட்டான். ஜிஎஸ்டி தள்ளிட்டு பில் 1,00,000ன்னு வச்சா பொருள் செலவு 12,000, மிச்சம் 88,000 நீங்க கூட்டுன மதிப்பு சார்ங்கிறான். அடேய் அதுல முக்கால்வாசி துடைப்பம் புடிக்கிறவங்க கூலிடா, நாங்க கூட்டுனது பில் அடிக்கிற பேப்பர் மட்டும்தான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டான் பாரு, அங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. "நீங்க ஆள் மட்டும் அனுப்புறீங்களா, இல்ல வேலைய நீங்களே செஞ்சு தர்றீங்களா?" ஆள் அனுப்புனா 78, சுத்தம் பண்ணிக் குடுத்தா 81னு, என்ன தொழில்னு போடுற கோடு நம்பர் மாறுமாம். காண்ட்ராக்ட் பேப்பர்ல இருக்குற மாதிரியே "வேலைய நாங்கதான் செஞ்சு தர்றோம்"னுட்டேன். பொய் மாப்ள. எங்க சூப்பர்வைசர் மாசத்துக்கு ஒரு தடவ போய் அட்டெண்டன்ஸ்ல கையெழுத்து வாங்குறதோட சரி, எங்க பெருக்கணும் எப்ப பெருக்கணும்னு விரட்டுறதெல்லாம் இன்னும் நாங்க ஆள் அனுப்புற நூல் மில்லு ஆளுங்கதான்.

அந்த மில்லு எதுன்னு உனக்கே தெரியும். உங்கப்பாவுக்கு சோத்து கேரியர் எடுத்துட்டுப் போவோமே, கேட்டுக்குள்ள விட்டு கொய்யாப்பழம் குடுப்பாங்களே அந்த அக்கா, அவங்க இப்ப எங்க சம்பள ரோல்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி பெருக்குறவங்க எல்லாரையும் மில்லு எங்ககிட்ட தள்ளி விட்டுருச்சு. பஞ்ச சிக்கெடுக்குற அதே கார்டிங் ஷெட், அதே பஞ்சுத் தூசி, அதே துடைப்பம், சம்பளம் மட்டும் மாசம் 2,400 கம்மி. உங்க கணக்குல என்ன ஆச்சு? அது வரைக்கும் அவங்க கூலி உற்பத்தித் துறைல இருந்துச்சு, இப்ப மில்லுக்கு எங்க பில் ஒரு வெளிச்செலவு, அதனால அங்க கழிச்சு இங்க சேவைத் துறைல கூட்டுவீங்க. சேவைத் துறை வளருது வளருதுன்னு பேப்பர்ல போடுறாங்களே, அதுல ஒரு துளி நம்ம அக்கா இடம் மாறுனது. அதுவும் செலவ கழிக்காம மொத்த உற்பத்தின்னு பாத்தா இன்னும் கூத்து, நூல் விலைலயும் அவங்க இருக்காங்க எங்க பில்லுலயும் இருக்காங்க, ரெண்டு தடவ. கைக்கு வர்றது ஒரே தடவ, அதுவும் கொறஞ்சு.

கோவம் வந்து அந்தக் கோடு புஸ்தகத்த டவுன்லோடு பண்ணி உக்காந்து படிச்சேன் (சிரிக்காத). தெருவப் பெருக்குனா 8129, கூட்டி வச்ச குப்பைய வண்டில அள்ளுனா 3811. ரெண்டையும் ஒரே ஆளு காலைல ஆறு மணிக்கு செய்யிறாங்க. அமெரிக்காக்காரன் பரவால்ல, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், ஆபீஸ் எடுபிடி, குப்பை எல்லாத்தையும் 56னு ஒரே மூட்டையா கட்டிட்டான். செவ்வாப்பேட்டை பழைய இரும்புக் கடை மாமா பாட்டில் அட்டை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சு மூட்டை கட்டுறாரே, அது குப்பை வேலையே இல்லியாம், 4669, மொத்த வியாபாரம். வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல நிக்கிறதுதான் அவரோட உற்பத்தி. கார்ப்பரேஷன் நேரடியா பெருக்குனா விலையே கிடையாது, சம்பளத்தையும் செலவையும் கூட்டி அதையே உற்பத்தின்னு எழுதுறது. அப்ப கூலிய கொறச்சா தெரு அதே சுத்தத்துல இருந்தும் அந்த வருஷ உற்பத்தி கம்மி! இத எழுதுனவன் ஒரு நாளாவது துடைப்பம் புடிச்சிருப்பானாடா?

சரி, உன்ன சொல்லி என்ன ஆகப்போகுது, அந்தக் கணக்குல மை தொட்டு எழுதுறவன் நான்தானே. ஒண்ணே ஒண்ணு சொல்லு, குடுத்த பதில மாத்த முடியுமா? அந்தப் பையன் நம்பர் வச்சிருக்கேன். மாத்தி சொன்னா ஓனர் என்னைய மாத்திருவாரு, அது வேற.

நேத்து அக்கா சம்பள ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட வந்தாங்க. "அந்த கொய்யாக்கா திருடன் எங்கடா இருக்கான்"னு உன்னதான் கேட்டாங்க. கவர்மென்ட்ல கணக்கெடுக்குற வேலைன்னேன். "என்ன கணக்கு?"ன்னாங்க. நான் ரிஜிஸ்டர அவங்க பக்கம் தள்ளி, இங்க போடுங்கக்கான்னுட்டேன்.

ஆடிக்கு வருவேல்ல, வந்து நீயே சொல்லு.

உன்,
புளிமூட்டை