கழுதைகள் இருக்கலாம், மனிதர் இருக்கக்கூடாதா?

மதிப்புக்குரிய அமெரிக்கக் காங்கிரஸின் ஆயுதப்படைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2025 மே 22ஆம் திகதி, இந்து சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் சாகோஸ் தீவுகள் பற்றிய ஒப்பந்தத்தில் பிரித்தானியாவும் மொரீசியசும் கையெழுத்திட்டன. அன்றைக்கே உங்கள் வெளியுறவுச் செயலாளர் மார்கோ ரூபியோ அதை வரவேற்று அறிக்கை விட்டார். தீவுகளின் இறைமை மொரீசியசுக்கு, உங்கள் இராணுவத் தளம் இருக்கும் டியாகோ கார்சியா மட்டும் 99 வருடத்துக்குப் பிரித்தானியாவின் கையில், அதாவது உங்கள் கையில். அந்தத் தளத்துக்காக விரட்டப்பட்ட தீவுவாசிகளான சாகோசியர் மற்றத் தீவுகளில் குடியேறலாமாம், டியாகோ கார்சியாவில் முடியாதாம். அந்த ஒப்பந்தம் லண்டனில் என்ன பாடு பட்டாலும் இந்தத் தடை மட்டும் அசையப்போவதில்லை என்று தெரிகிறது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அசையவில்லைதானே. தடையை எழுதுவது லண்டன் என்றாலும் கேட்பது நீங்கள். அதனால்தான் கடிதத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். டியாகோ கார்சியாவில் பிறந்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அங்கே திரும்பிப் போய்க் குடியிருக்க விடுங்கள்.

பழைய கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. தீவைத் தந்ததற்குப் பிரதியாக, உங்களிடம் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைகளின் கணக்கில் பிரித்தானியாவுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் கழித்துவிட்டதும், அதை அன்றைய காங்கிரஸின் கண்ணில் படாமல் செய்ததும் அதில் இருக்கும். மிஞ்சியிருந்த சனங்களை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கடற்படைத் தலைவர் எல்மோ சம்வோல்ட் 1971இல் ‘கட்டாயம் போகவேண்டும்’ என்று குறிப்பெழுதியதும் இருக்கும். தீவில் நிரந்தரக் குடிகள் யாருமில்லை, ஒப்பந்தக் கூலிகள்தான் என்று உலகத்துக்குச் சொன்னதும் இருக்கும். பரம்பரை பரம்பரையாகப் பிறந்து, கலியாணம் கட்டி, செத்து, அங்கேயே அடக்கமானவர்கள் கூலிகள் என்றால், குடிகள் என்று யாரைச் சொல்வது?

ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

1971இல் ஆட்களைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் தீவிலிருந்த நாய்களைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு போட்டது பிரித்தானிய ஆளுநர். முதலில் சுட்டுப் பார்த்தார்கள். பிறகு நஞ்சு வைத்தார்கள். இரண்டும் சரிவரவில்லை. கடைசியில் இறைச்சித் துண்டைக் காட்டி நாய்களைக் கொப்பறா உலர்த்தும் கொட்டிலுக்குள் வரவைத்துக் கதவை அடைத்து, உங்கள் இராணுவ வாகனங்களின் புகையைக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். வீட்டு நாய்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருகிற நாய்கள். கொட்டிலுக்குள்ளிருந்து வந்த சத்தம் வெளியே நின்ற பிள்ளைகளுக்குக் கேட்டது. அடுத்தது நாங்கள்தான் என்று சனங்கள் பயந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர்களைக் கப்பலேற்ற அதற்குமேல் யாரும் துப்பாக்கி தூக்கவேண்டியிருக்கவில்லை.

நாய்கள் போய்விட்டன, கழுதைகள் மிஞ்சின. தென்னந்தோட்டக் காலத்தில் எண்ணெய்ச் செக்கு இழுத்த கழுதைகளின் வாரிசுகள் இன்றைக்கும் தீவில் தங்கள் பாட்டுக்குத் திரிகின்றன. யாரும் அவற்றை விரட்டவில்லை. கழுதையை வளர்த்தவனின் பேரன் மட்டும், பாட்டன் பூட்டனின் கல்லறையில் பூ வைத்துவிட்டு வர அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். 2006இல்தான் சுமார் நூறு பேரைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு தீவிலும் சில மணித்தியாலம் இறங்கவிட்டார்கள். அதே காலத்தில் சொந்தப் பாய்க்கப்பல் வைத்திருக்கிற எந்த வெளிநாட்டுக்காரனும் கட்டணம் கட்டிவிட்டுச் சாகோஸிலேயே உள்ள சலமோன் தீவருகே வாரக்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடக்கலாம்.

பாதுகாப்பு என்பீர்கள். தெரியும். ஆனால் தளத்தில் சமைப்பதும் கூட்டுவதும் கட்டுவதும் யார்? பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களால் வராத ஆபத்து, அங்கே பிறந்து இன்று எழுபது வயது தாண்டிய ஒரு பெண்ணால் எப்படி வரும்? குண்டெறி விமானங்களுக்குப் பக்கத்தில் கோல்ஃப் மைதானமும் பௌலிங் கூடமும் இருக்க இடமிருக்கிறது. தளம் இருப்பது தீவின் மேற்குக் கையில். சனங்கள் வாழ்ந்த ஈஸ்ட் பொயின்ட் கிழக்குக் கையில், களப்புக்கு அந்தப் பக்கம். இது என் யோசனையும் அல்ல. இப்படியொரு தளம் வேண்டுமென்று முதலில் திட்டம் போட்டவர் உங்கள் கடற்படையின் ஸ்டூவர்ட் பார்பர். சனங்கள் கிழக்குப் பக்கத்தில் இருந்திருந்தாலும் பாதுகாப்பாகவே இருந்திருக்கலாம் என்று 1991இல் எழுதியவரும் அவர்தான். பிரித்தானியா பணம் கொடுத்து எழுதுவித்த கேபிஎம்ஜி என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையும் 2015இல் டியாகோ கார்சியாவில் குடியேற்றுவதை நடக்கக்கூடிய ஒரு வழியாகவே காட்டியது. அடுத்த வருடமே அதைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள்.

இதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 2021 ஒக்டோபரில் கனடா நோக்கிப் போன தமிழரின் படகு நடுக்கடலில் தத்தளித்தது. அதிலிருந்தவர்கள் டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிறுபிள்ளைகளோடு வேலிக்குள், எலி ஓடும் கூடாரத்தில், மூன்று வருடம். 2024 ஜூலையில் வழக்கை அந்தத் தீவிலேயே விசாரிக்க நீதிபதியும் சட்டத்தரணிகளும் புறப்பட இருந்தபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லி மறித்தது உங்கள் தரப்பு. பிறகு செப்டெம்பரில் விசாரணை நடந்தது. அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. நீங்கள் அதில் கவனிக்கவேண்டியது இதைத்தான்: போகவேண்டும் என்று கெஞ்சியவர்களை மூன்று வருடம் அந்தத் தீவில் வைத்திருக்க முடிந்தது. இருக்கவேண்டும் என்று கெஞ்சுபவர்களுக்கு மட்டும் இடமில்லை.

நான் வலிகாமம் வடக்குக்காரன். பிறந்த மண்ணை உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைத்து அடைத்தால் எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். முப்பது வருடம் கழித்தும் எங்கள் ஆட்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தங்கள் கிணற்றடி எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள்.

உங்கள் நாட்டுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1946இல் மனித குலத்தின் நன்மைக்கு என்று சொல்லி பிகினித் தீவுக்காரரைக் கிளப்பினீர்கள், அணுகுண்டு வெடித்துப் பார்க்க. 1953இல் கிரீன்லாந்தின் தூலே தளத்துக்காக அங்கிருந்த வேட்டைக்காரக் குடும்பங்கள் சில நாள் தவணையில் வடக்கே துரத்தப்பட்டன. உலகத்துக்கே சுதந்திரம் கொண்டுபோகிறவர்கள், இறக்கிவைக்கிற இடத்தில் மட்டும் ஆட்கள் இல்லாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். டியாகோ கார்சியா தளத்தின் வாசகமே ‘சுதந்திரத்தின் காலடித்தடம்’ என்பதுதான். காலடி யாருடைய முற்றத்தில் விழுந்தது என்று பலகையில் எழுத இடம் போதவில்லைப் போலும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள். மரியாதையாகவே கேட்கிறேன்.

தளத்தை மூடச் சொல்லவில்லை. (அதைக் கேட்க ஆசைதான், அது வேறு கடிதம்.) சாகோசியருக்கு இதுவரை பிரித்தானியா கொடுத்தது சொற்பம், நீங்கள் கொடுத்தது ஒரு சதமும் இல்லை. அதையும் இப்போதைக்கு விடுவோம். 1975 நவம்பரில் உங்கள் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று இந்த விஷயத்தை ஒரே ஒரு நாள் விசாரித்தது. அதிகாரிகள் வந்து பதில் சொன்னார்கள், கோப்பு மூடப்பட்டது. அதைத் திறந்து இன்னொரு விசாரணை வையுங்கள். இந்த முறை தீவில் பிறந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசவிடுங்கள். அவர்கள் கிழக்குக் கரையில் குடியேற உங்கள் தரப்பில் மறுப்பில்லை என்று லண்டனுக்கும் மொரீசியசின் தலைநகர் போர்ட் லூயிக்கும் எழுத்தில் அறிவிக்கும்படி பாதுகாப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அங்கே பிறந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். ஆகையால் தயவுசெய்து இந்த அமர்விலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன்