இரவில் ஒரு டாக்டர் வேண்டும்: எங்கள் தொகுதி டாக்டருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் சட்டமன்ற உறுப்பினரான மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன இடத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை அணலி, அதாவது கண்ணாடி விரியன், கடித்த செய்தி உங்களுக்கு வந்திருக்கும். தோட்டத்தில் நடப்பது எதுவும் உங்கள் காதுக்கு எட்டாமல் போனதில்லை. ஆகவே முழுவதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிந்த அந்த நேரத்தை மட்டும் எழுதுகிறேன். உங்களிடம் சொன்னவர்கள் அதைச் சுருக்கிச் சொல்லியிருப்பார்கள்.

விடியற்காலை நாலரை மணி இருக்கும். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். நெற்றியில் கட்டியிருந்த ஹெட்லைட்டைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அது எரிந்துகொண்டே இருந்தது. சுகாதார நிலையம் திறந்திருந்தது. விளக்கு இருந்தது. நர்ஸ் இருந்தார். மருந்தும் இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து, விஷமுறிவுக் குப்பிகள் அடுக்கிய அட்டைப்பெட்டியை அவரே எங்களுக்குக் காட்டினார். டாக்டர்தான் இல்லை. பகல் டாக்டர் மாலையே போய்விட்டார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன், அவருடைய வேலை நேரம் அவ்வளவுதான்.

"நீங்களே போடுங்க சிஸ்டர்" என்று அக்காவின் மகன் கெஞ்சினான். "ஊசி போட்டு ஒத்துக்காம மூச்சு முட்டிச்சுன்னா நான் தனியா என்ன செய்வேன் மக்கா, டாக்டர் சொல்லாம போடக்கூடாதே" என்று சொல்லும்போது அந்தப் பெண்ணும் அழுதுகொண்டிருந்தார். டாக்டருக்குப் போன் போட்டுப் பார்த்தார். மலையோரத்தில் டவர் கிடைக்கும் லட்சணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 108-ஐக் கூப்பிட்டோம். எங்கள் பகுதி வண்டி ஒரு பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. இதற்குள் அக்காவின் பல் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கிவிட்டது. முந்தானையால் துடைக்கத் துடைக்க மறுபடியும் வந்தது. மருந்துப் பெட்டி அவர் கண்ணுக்கு எதிரே மேசைமேல் இருந்தது.

கடைசியில் தோட்டத்து ஜீப்தான் கிடைத்தது. ஜீப் முதலில் நின்றது உங்கள் மருத்துவமனை வாசலில். மெயின்ரோட்டில் '24 மணி நேரமும் பாம்புக்கடி சிகிச்சை' என்று புதிதாக போர்டு வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதைப் பார்த்துத்தான் டிரைவர் வண்டியை உள்ளே விட்டார். அங்கே முன்பணம் கேட்டார்கள். எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை, உங்கள் கவுன்டரில் கேட்டால் தெரியும். பால்வெட்டுகிற மரத்துக்குக் கூலி வாங்கும் வீட்டில், மழை பெய்தால் அன்றைக்கு அதுவும் இல்லாத வீட்டில், விடிகாலையில் அவ்வளவு பணம் எங்கே இருக்கும்? ஜீப்பைத் திருப்பிக்கொண்டு திருவட்டாறு, தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் என்று போய் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. முதல் குப்பி மருந்து அங்கேதான் ஏறியது.

அக்கா பிழைத்துவிட்டார். அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்கு எங்கள் ஊரே கடன்பட்டிருக்கிறது. ஆனால் சிறுநீரகம் இரண்டும் அடிவாங்கிவிட்டன. இப்போது டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். கடிபட்ட காலில் சதை அழுகி, கீறி எடுத்த புண் இன்னும் ஆறவில்லை. இனி அந்தக் காலை ஊன்றி மரத்துக்கு மரம் நடக்க முடியுமா என்று தெரியாது. பால்வெட்டு இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

டாக்டர், கண்ணாடி விரியன் கடித்தால் ஒவ்வொரு நிமிடமும் என்ன செய்யும் என்பதை எங்களுக்குச் சொல்லித்தந்தவரே நீங்கள்தான். எனக்கு மிகவும் வலிப்பது அதுதான்.

நீங்கள் படித்து முடித்து வந்தபோது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. ஆசாரிப்பள்ளத்தில் அது 2001-ல்தான் வந்தது. திருநெல்வேலியில் படித்துவிட்டு, நகரத்தில் உட்காராமல், சந்தைக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கட்டடத்தில் கிளினிக் திறந்தீர்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாம்புக்கடி என்று யாரைக் கொண்டுவந்தாலும் முதலில் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் மேசையில் நிறுத்திவைப்பீர்கள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பிறகு குழாயை மெல்லச் சாய்ப்பீர்கள். ரத்தம் உறைந்திருந்தால் கூட இருந்தவர்களுக்கு டீ வாங்கிவரச் சொல்வீர்கள். தண்ணீர் போல ஓடினால் அதன்பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். மருந்தைத் தொடங்கிவிட்டு, நீங்களே வண்டி பிடித்து நோயாளியோடு ஏறிப் போவீர்கள்.

கயிறு கட்டாதே, பிளேடால் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, நடக்கவிடாதே என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னீர்கள். பச்சிலை வைத்தியரிடம் போய்விட்டுக் கடைசி நேரத்தில் வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தீர்கள். அப்புறம் ஒருநாள் ராஜ்தூத் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வைத்தியர் வீட்டுக்கே போனீர்கள். என்ன பேசினீர்களோ, அதற்குப் பிறகு பாம்புக்கடி என்று வந்தால் "நேரா டாக்டர்கிட்ட போ" என்று அவரே அனுப்பத் தொடங்கினார். அந்த ஒரு காரியத்துக்காகவே உங்களுக்கு வாழ்நாள் முழுக்க ஓட்டுப் போடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். போட்டோம்.

அரசியலுக்குப் போனதை நாங்கள் குறை சொன்னதில்லை. நாட்டுக்கு டாக்டர்கள் உழைத்த வரலாறு நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு 1924-ல் வைக்கம் போராட்டத்துக்காகத் தெற்கிலிருந்து திருவனந்தபுரம் வரை ஊர்வலத்தை நடத்திச் சென்றார், 1926-ல் சுசீந்திரம் சத்தியாகிரகத்தில் முன்னால் நின்றார். டாக்டர் பி.சி. ராய் மேற்கு வங்க முதல்வராக இருந்த காலத்திலும் காலையில் வீட்டில் ஏழை நோயாளிகளைப் பணம் வாங்காமல் பார்த்துவிட்டுத்தான் தலைமைச் செயலகத்துக்குப் போனார். உங்கள் முதல் தேர்தல் கூட்டத்தில் ராயைப் பற்றி நீங்களே பேசினீர்கள். நான் கூட்டத்தில் நின்று கேட்டேன்.

தொழில் செய்ததையும் குறை சொல்லவில்லை. மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், நர்சிங் கல்லூரி, பிறகு ரப்பர் தோட்டம் என்று நீங்கள் வளர்ந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கும் அங்கே வேலை கிடைத்தது. அன்று சுகாதார நிலையத்தில் அழுத நர்ஸ்கூட உங்கள் கல்லூரியில் படித்த பெண்தான். நன்றாகத்தான் படிக்கவைத்திருக்கிறீர்கள். ஆனால், இரவில் உங்கள் மருத்துவமனையில் டாக்டர் இருக்கிறார், அரசு நிலையத்தில் இல்லை என்பது எங்களுக்கு உறுத்துகிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத என்னால் முடியாது.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த 2024 மார்ச்சிலேயே ஒன்றிய அரசு 2030-க்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைக்கத் திட்டம் வெளியிட்டது. நல்ல காரியங்கள். ஆனால் கடித்ததற்குக் கணக்கு எழுத ஏற்பாடு வந்துவிட்டது, கடிபட்டவளைப் பார்க்க டாக்டர் வரவில்லை. மருந்துக்கும் இந்த நாட்டில் பஞ்சமில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக்கொடுக்கிறது, அதைக் கொண்டு குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது. குதிரை ரத்தம் என்பதால்தான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிறது, பக்கத்தில் டாக்டர் வேண்டியிருக்கிறது. மேலும் அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்குத்தான். நம் மலையோர ரப்பர் தோட்டங்களில் இருக்கும் கூர்மூக்குக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. எது கடித்தது, மருந்து போடலாமா வேண்டாமா என்று அடையாளம் பார்த்து முடிவெடுப்பது நர்ஸ் தலையில் கட்டக்கூடிய வேலையா? சட்டமன்றத்தில் இதை விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ளக்கூடியவர்களில் நீங்கள் ஒருவர்.

பால்வெட்டு வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் எங்கள் பெண்கள் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் இருட்டில் காலை வைக்கிறார்கள். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலும் இதே கதை, தனியார் தோட்டங்களிலும் இதே கதை. வேலை நடக்கும் நேரத்தில் டாக்டர் இல்லை, வேலை முடிந்து ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் வருகிறார். இந்த நேர அட்டவணையைப் போட்டவர்கள் ஒரு தோட்டத்தையாவது விடியுமுன் பார்த்திருப்பார்களா?

இதை எழுதும்போது வேறு பலவும் நெஞ்சில் வந்து முட்டுகின்றன. காவல்கிணறு முதல் களியக்காவிளை வரை நாலுவழிச் சாலை என்று எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அன்று ஜீப்புக்கு முன்னால் கேரளாவுக்குப் பாறைப்பொடி ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் வரிசையாக நின்றன. நம் மலையை உடைத்து ஏற்றிப்போகிற வண்டிகள் நம் நோயாளிக்கு வழிவிடவில்லை. கொஞ்சம் பெரிய நோய் என்றால் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுகிறோம். 1838-லேயே நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கிய மாவட்டம் இது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேய டாக்டர் சோமர்வெல் அங்கே காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லி இங்கேயே வந்து கத்தி பிடித்தார். அப்படிப்பட்ட ஊரில் இரவுக்கு ஒரு டாக்டரைக் கேட்டு மனு எழுத வேண்டியிருக்கிறது.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று, டாக்டர். எங்கள் சுகாதார நிலையத்துக்கு இரவுப் பணிக்கு ஒரு டாக்டர் வேண்டும். தொகுதி நிதியில் கட்டடம் கட்டித்தருவதாக நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அன்புக்கு நன்றி, ஆனால் கட்டடம் இருக்கிறது. கட்டில் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. இரவு டாக்டர் பணியிடத்தை அரசுதான் உண்டாக்க வேண்டும், அதற்குச் சட்டமன்றத்தில் வாய் திறக்க வேண்டும். சுகாதாரத்துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் நீங்கள் எழுந்து பேசுங்கள். டாக்டராக இருந்து பேசுங்கள், அந்தக் கண்ணாடிக் குழாயைப் பற்றிப் பேசுங்கள். அமைச்சர் தட்டிக்கழிக்க முடியாது.

பணியிடம் வருவதற்கு மாதங்கள் ஆகும் என்பது தெரியும். அதுவரை பக்கத்து நிலையங்களின் டாக்டர்களை முறைவைத்து இரவில் இங்கே உட்காரவைக்க நாகர்கோவிலில் மாவட்ட சுகாதார அலுவலரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால், உங்கள் மருத்துவமனையின் இரவு டாக்டர் போனில் வழிகாட்ட முடியுமா என்று அரசோடு கலந்து பாருங்கள். அதோடு, பாம்புக்கடி என்று வாசலுக்கு வருகிறவர்களிடம் முதல் குப்பி ஏறிய பிறகு பணத்தைப் பற்றிப் பேசச் சொல்லி உங்கள் கவுன்டருக்கு ஒரு உத்தரவு போடுங்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, உங்கள் கையெழுத்து போதும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காடு மண்டும், பாம்பு மேலே வரும். அதற்கு முன் இரவில் ஒரு டாக்டர் வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத் தொழிலாளர்கள் கையெழுத்திட்ட மனு தயாராக இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறோம். அக்காவின் மகனும் வருவான். கட்சி ஆட்கள் இல்லாமல் கொஞ்ச நேரம் அவனோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் பல வருடம் வைத்தியம் பார்த்த,
மலையோரத்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்