26 வாரம் அதிகமா?

ஐயா,

வேலையிழந்தோர் காப்பீட்டுத் தொகையை நீண்ட நாள் கொடுத்தால் சோம்பல் வளரும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். இங்கே அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உச்சவரம்பே 26 வாரம்தான். ஃபுளோரிடாவில் 12 வாரம் வரை இறங்கியிருக்கிறது. கிடைக்கும் தொகையும் பெரும்பாலும் பழைய சம்பளத்தில் பாதியைத் தாண்டாது. அதை வைத்துக்கொண்டு யார் சோம்பி உட்கார முடியும்? எனக்கு வேலை போனபோது ஒரே நிறுவனத்தின் நான்கு சுற்று நேர்காணல் முடியவே பத்து வாரம் ஆனது. அப்புறம் வேறு ஆளை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வேலையின்மை விகிதம் கூடிக் குறிப்பிட்ட வரம்பைத் தொட்டால் மேலும் 13 வாரம் நீட்டிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, சரி. ஆனால் விகிதம் அந்த வரம்பை எட்டுவதற்குள் பலருக்குத் தொகை தீர்ந்துவிடும். வேலையின்மை விகிதம் உயரத் தொடங்கியதுமே காலம் தானாக நீளும்படி விதியைத் திருத்தலாம்.