தட்டச்சு செய்ததை ஏன் படமாக்குகிறீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுச் சேவைகள் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன, இனி யாரும் அலுவலகப் படியேறி அலைய வேண்டியதில்லை என்று சென்ற வாரம் தலையங்கம் எழுதியிருந்தீர்கள். சக ஆசிரியர் ஒருவர் வாசிக்கக் கேட்டேன். நான் பார்வை மாற்றுத்திறனாளி. அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கணினியில் என்விடிஏ, கைப்பேசியில் டாக்பேக் என்று நாள் முழுக்க, திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரோடுதான் பிழைப்பு. அப்படியிருந்தும் உங்கள் தலையங்கத்துக்கு இன்னொருவர் குரல் தேவைப்பட்டது. உங்கள் இ-பேப்பர் முழுக்கப் படமாக இருப்பதுதான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

கருவி கிடைக்கவில்லை என்று புலம்பிய காலம் போய்விட்டது. என்விடிஏ மென்பொருளை 2006-ல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன்; ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். இன்றுவரை அது இலவசம், தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் கரகரவென்றுதான் இருக்கும். பழகிவிட்டால் அதையே வேகமாக ஓடவிட்டுக் கேட்கலாம். ஆக, கேட்பதற்கு நாங்கள் தயார். ஆனால் பக்கத்தில் எழுத்து இருக்க வேண்டுமே! எழுத்தின் படத்தை ஸ்கிரீன் ரீடர் வாசிக்காது.

ஒரு சுற்றறிக்கை எப்படி இணையத்துக்கு வருகிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் ஒருவர் கணினியில் தட்டச்சு செய்கிறார். அச்செடுக்கிறார்கள். அதிகாரி கையெழுத்துப் போடுகிறார், முத்திரை விழுகிறது. அப்புறம் அந்தக் காகிதத்தை ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். கடைசிக்கு முந்தைய படிவரை உயிரோடு இருந்த எழுத்து, ஸ்கேனரில்தான் செத்துப்போகிறது. அந்தக் கோப்பை நான் திறந்தால் என்விடிஏ வெற்றுப் பக்கம் என்கிறது, இல்லையென்றால் வாயே திறப்பதில்லை.

ஸ்கேன் செய்யாமல் நேராகப் போடுகிறவர்களும் உண்டு. அதில் வேறு கூத்து. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் டிடிபி மையங்களில் பழைய எழுத்துருக்கள் போகவில்லை. பாமினி என்கிற அப்படியொரு எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பில் 'தமிழ்' என்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாக இருக்கிறது. என் காதில் 'ஜே கே பி ஓ' என்று விழும். பத்துப் பக்கமும் இப்படியே ஓடினால் என்ன செய்வது?

படத்தில் இருக்கும் எழுத்தை அடையாளம் கண்டு மறுபடி எழுத்தாக்கித் தரும் ஓசிஆர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். தெளிவான பத்தி என்றால் ஓரளவு தேறும். அட்டவணை வந்தால் போச்சு. ஒருமுறை மாறுதல் கலந்தாய்வுக்கான காலிப்பணியிடப் பட்டியல் ஸ்கேன் பிரதியாக வந்தது. ஓசிஆர் செய்தேன். பள்ளிப் பெயர்கள் எல்லாம் ஒரு பக்கம் கொட்டின, பாடங்கள் எல்லாம் இன்னொரு பக்கம். வரலாறு எங்கே காலி, வணிகவியல் எங்கே காலி என்று பிரிக்கவே முடியவில்லை. கடைசியில் நண்பரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவரும் அதே கலந்தாய்வுக்கு வருகிறவர், அதே பாடம். எந்தப் பள்ளிமேல் எனக்குக் கண் என்பதை அவரிடமே சொல்ல வேண்டியதாயிற்று!

விண்ணப்பம் போடுவது தனிக் கதை. படத்தில் கோணல்மாணலாக எழுத்தைக் காட்டி 'இதைத் தட்டச்சு செய்யவும்' என்கிற கேப்ட்சாவைத் தாண்ட முடியாமல் பிரவுசிங் சென்டருக்குப் போய், நாலு பேர் காதுபடக் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் சொல்லிவிட்டு வருகிறோம். வீட்டிலிருந்தே சேவை என்பது எங்களுக்கு இப்படித்தான் கிடைக்கிறது.

சட்டத்தில் குறையொன்றும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 42-வது பிரிவு, அச்சு ஊடகம், மின்னணு ஊடகம் எல்லாவற்றிலும் உள்ளவை எங்களால் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இணையதளத்தில் போடும் ஆவணங்கள் இ-பப் என்கிற மின்னூல் வடிவிலோ ஓசிஆர் செய்த பிடிஎஃப்பாகவோ இருக்க வேண்டும் என்று 2017 விதிகளில் எழுதியே வைத்தார்கள். அந்த 15-வது விதி வெறும் பரிந்துரை போல இருக்கிறது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. 2025 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவின்கீழ் வாழ்வுரிமையிலேயே அடக்கம் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஸ்கேனர் ஓய்ந்தபாடில்லை.

கையெழுத்துப் பிரதிதான் வேண்டும் என்றால் இருக்கட்டும். அதோடு, தட்டச்சு செய்த கோப்பையே யூனிகோடில் பிடிஎஃப்பாகச் சேமித்து இன்னொரு பிரதியாகப் போட்டால் போதும். புது மென்பொருள் வேண்டாம், டெண்டர் வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிட வேலை. தேடுபொறியிலும் அகப்படும், கண் தெரிகிறவர்களுக்கும் லாபம்தான்.

இனி உங்கள் இதழ். இணையதளத்தில் செய்திகள் எழுத்தாகத்தான் இருக்கின்றன, நன்றி. ஆனால் பக்கத்தின் நிரலில் மொழி 'ஆங்கிலம்' என்று குறித்திருக்கிறீர்கள். என்விடிஏ அதை நம்பி, தமிழ்ச் செய்தியை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துத் திணறுகிறது. உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது. பக்கத்தைத் திறந்ததும் தானாகப் பேசத் தொடங்கும் விளம்பர வீடியோவையும் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்கள்; அதுவும் ஸ்கிரீன் ரீடரும் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே புரிவதில்லை. தலையங்கமும் வாசகர் கடிதமும் இ-பேப்பரில் மட்டும், அதுவும் படமாக வருகின்றன. இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என்னாலேயே படிக்க முடியாது. கேலிச்சித்திரத்துக்கு வர்ணனை எழுதுவது சிரமம்தான், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தலையங்கப் பக்கத்தை முதலில் எழுத்தாக இணையதளத்தில் ஏற்றுங்கள்.

— அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், திருச்சி