சிஆர்பி வரட்டும் என்று காத்திருந்த இரவு

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கிருமித் தொற்று இருக்கிறதா என்று சிஆர்பி, புரோகால்சிட்டோனின் (தொற்று வந்தால் ரத்தத்தில் ஏறும் இரண்டு புரதங்கள்) டெஸ்டுகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, "ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று யாராவது உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். நாங்கள் அப்படி உட்கார்ந்தவர்கள்.

அக்கா மகனுக்கு ஏஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோய். திருநெல்வேலியிலிருந்து சிகிச்சைக்கு வந்து, தாராவியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். கீமோ முடிந்து பத்தாம் நாள், வெள்ளையணு கவுண்ட் தரைதட்டிக் கிடந்த நேரம், ராத்திரி பத்து மணிக்கு 101 காய்ச்சல். ஜூலை மழை. வழியில் இந்துமாதா பகுதியில் தண்ணீர் நிற்கிறது என்று, அவனுக்குச் சிகிச்சை நடக்கும் பரேல் ஆஸ்பத்திரிக்கு எந்த டாக்சிக்காரரும் வர மறுத்துவிட்டார். சரி என்று பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டியூட்டி டாக்டர் சிஆர்பி எடுத்தார். 18, கொஞ்சம்தான் ஏறியிருந்தது. "லுகேமியாவுக்கே இவ்வளவு இருக்கும், காலையில் பார்க்கலாம்" என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைத்தார். விடிவதற்குள் பிபி இறங்கிவிட்டது. பரேலில் ஐசியுவில் சேர்த்தபோது அதே சிஆர்பி 160ஐத் தாண்டியிருந்தது.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. புற்றுநோயே சிஆர்பியை ஏற்றும். ஆனால் கிருமி உள்ளே வந்த பிறகு கல்லீரல் அதைச் சுரந்து, ரத்தத்தில் ஏறித் தெரிய 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காய்ச்சல் வந்த கையோடு எடுத்த 18ஐ நம்பி ஒரு ராத்திரியைக் கழித்திருக்கிறோம்! புரோகால்சிட்டோனின் இன்னும் சுறுசுறுப்பு. மூன்று நான்கு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும், வைரஸ் காய்ச்சலில் அவ்வளவாக ஏறாது. மருந்து கேட்டால் ஒரு நாளில் பாதியாகக் குறையும். ஐசியுவில் தினமும் அதை எடுத்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். அப்படித் தொடர்ந்து பார்க்கும்போதுதான் அதற்கு மதிப்பு. விலையும் சிஆர்பியைவிடப் பல மடங்கு, அது வேறு கதை.

வெள்ளையணு இல்லாத உடம்பில் புண் கூடச் சீழ் பிடிக்காது. பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் தகவல் சொல்லும். ஏஎல்எல்லுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சில நேரம் அதையும் அமுக்கிவிடும். அதனால்தான் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 500க்குக் கீழே இருக்கும்போது, ஒரே ஒரு தடவை 101 காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ரத்தம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக்கைப் போடச் சொல்கிறார்கள். கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகும், பலருக்கு அதில் ஒன்றும் வளராது. குறைந்த சிஆர்பியைக் காட்டி அந்த முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கட்டுரையில் இந்த ஒரு வரி இல்லை.

பையன் இப்போது ஊரில் நன்றாக இருக்கிறான். பரேல் டாக்டர் ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்ததை அக்கா லேமினேட் செய்து வைத்திருக்கிறாள்: காய்ச்சல் என்றால் முதலில் ஊசி, அப்புறம் ரிப்போர்ட். அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாக அதைப் போடுவீர்களா?

பெயர் வெளியிட வேண்டாம்,
தாராவி, மும்பை